மூக்கு மாஸ்டரோட அடுப்பு

தொடாதீங்கண்ணே. பாக்கறது எவ்வளவு வேணும்னாலும் பாருங்க, கை மட்டும் வெக்காதீங்க. அடுப்புக் கண்ணாடி மேல சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்காங்க பாருங்க, அது ஓரம் கிழிஞ்சாக்கூட அதுக்கும் உங்களைத்தான் கேப்பாங்க. ஏற்கனவே உங்க தலைதான் உருண்டுக்கிட்டு இருக்கு. இப்படி உக்காருங்க. அந்தத் துணியெல்லாம் தள்ளி வெச்சுட்டு உக்காருங்க, ஒண்ணும் ஆகாது, எல்லாம் கால்சட்டைக்கு ஓரம் மடிக்கிற வேலைதான். ஷூவைக் கழட்ட வேண்டாம். தரை ஐஸ் மாதிரி இருக்கு. அடுப்பு அணைஞ்சு இன்னையோட பதினாறு நாள்.

கோவமா? உங்க மேலயா? இல்லண்ணே. கோவம் இருந்தா வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் குடுப்பேனா.

உங்க கம்பெனியிலருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் படம் எடுத்தாரு, ஒருத்தர் எழுதிக்கிட்டாரு. அடுப்புக்குக் காத்து விடற தகடு முக்காவாசி மூடியிருக்கு, கடைசியா வந்தது மெக்கானிக்குதான், அப்ப அவர்தான் இப்படி வெச்சிருக்கணும்னு அவங்களுக்குள்ளயே பேசி முடிச்சுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. புருஷனைப் பறிகுடுத்தவகிட்ட என்னத்தைக் கேக்கறதுன்னு விட்டுட்டாங்க போல. நானும் வாயைத் தொறக்கல. சுவத்துல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், யாரு வீட்டுக் கதையோன்னு. அப்புறம்தான் மாடி வீட்டம்மா சொன்னாங்க, உங்களை வேலைக்கு வராதே, விசாரணை முடியட்டும்னு நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு. அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல.

நீங்க சரியாத்தான் வெச்சீங்க. அந்தத் தகட்டைத் தள்ளினது எங்க வீட்டுக்காரரு. என் கண்ணால பாத்தேன். இருங்க, எந்திரிக்காதீங்க. ஏன் தள்ளினாருன்னும் சொல்லணும். வெறும்ன அவர்தான் தள்ளினாருன்னு சொன்னா, செத்தவன் மேல பழியைப் போட்டு மெக்கானிக்கைக் காப்பாத்தறான்னுதானே நெனப்பாங்க.

அவரு முப்பது வருஷம் பேக்கரியில அடுப்புப் பக்கம் நின்னவரு. உங்களுக்குத் தெரியாதுல்ல. அங்க அவருக்குப் பேரே மூக்கு மாஸ்டர். கடிகாரமெல்லாம் பாக்க மாட்டாரு. மாவு பெசையற எடத்துல நின்னுக்கிட்டு, மூணாவது தட்டுல வலது கோடி செவக்குது, திருப்புங்கடான்னு சொல்வாராம். போய்ப் பாத்தா அப்படியே இருக்குமாம். இது அவரு சொன்னது இல்ல, கூட வேலை பாத்தவங்க சொன்னது. அவரு தன்னைப் பத்தி பெருமையாப் பேசற ஆளு இல்ல. அடுத்தவங்க பேசும்போது வேண்டாம்னு தடுக்கறவரும் இல்ல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள்ல காய்ச்சல் போச்சு, போகும்போது மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஆறு மாசத்துல வந்துரும்னாரு டாக்டர். தெனம் காலையில எந்திரிச்சதும் காப்பித்தூள் டப்பாவைத் தொறந்து மூஞ்சியை உள்ள விட்டுக்கிட்டு நிப்பாரு. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். ஒண்ணும் வரல. ஒருநாள் பேக்கரியில நாப்பது ரொட்டி கரியாப் போச்சு. எல்லாரும் கத்தறாங்க, இவரு அடுப்புக்கு நேரா நிக்கறாரு, மூஞ்சியில புகை அடிக்குது, ஆவின்னு நெனச்சுக்கிட்டு நிக்கறாரு. மொதலாளி நல்ல மனுஷன்தான். கொஞ்ச நாள் வீட்ல இருங்க மாஸ்டர்னாரு. அந்தக் கொஞ்ச நாள்தான் இத்தனை நாளும்.

அந்தக் குளிர்காலத்துலதான் இந்தப் பெல்லட் அடுப்பு வாங்கினோம். மரத்தூளை அழுத்தி வெரல்கணு அளவுக்குக் குச்சி குச்சியா வருதே, அதைப் பாத்ததும் இது என்ன கோழித் தீவனமான்னு கேட்டேன். சிரிச்சாரு. அவரு சிரிச்சு அப்ப ரொம்ப நாள் ஆகியிருந்துச்சு. தொட்டியில கொட்டணும், உள்ள திருகு சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக் கிண்ணத்துல தள்ளும், அங்க எரியும், அவ்வளவுதானேன்னு நான் நெனச்சேன். மொத நாள் சாயங்காலமே கண்ணாடி கருப்பு. வீடு பூரா புகை வாடை. அவருக்குத் தெரியல. நான்தான் ஜன்னலைத் தொறந்துக்கிட்டு ஓடினேன்.

அன்னைக்குப் பிடிச்சாரு பாருங்க. அந்த மனுஷன் கைக்கு ஒரு அடுப்பு கெடச்சுது. உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆனா அவரு எப்படிப் படிச்சாருன்னு சொல்றேன். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு வெச்சுக்கிட்டாரு. குச்சி வர்ற வேகத்தை மாத்தினா காத்தைத் தொடக் கூடாது, காத்தை மாத்தினா குச்சியைத் தொடக் கூடாது. மாத்திட்டுக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து நெருப்பைப் பாக்கணும். ஆரஞ்சா, நீளமா, நுனியில கருப்போட அசைஞ்சுக்கிட்டு இருந்தா அதுக்கு அவரு வெச்ச பேரு தூங்குமூஞ்சி நெருப்பு. காத்து பத்தல. குச்சியெல்லாம் கிண்ணத்தை விட்டு எகிறி, பொறி பறந்து, நெருப்பு வெள்ளையா சீறுச்சுன்னா அது பேய் பிடிச்ச நெருப்பு. காத்து அதிகம். ரெண்டுக்கும் நடுவுல, மஞ்சளா, குட்டையா, துறுதுறுன்னு நிக்கணும். மறுநாள் சாம்பலை எடுத்து வெரல்ல தேச்சுப் பாப்பாரு. மாவு மாதிரி உதிர்ந்தா பாஸ். கட்டி தட்டியிருந்தா அன்னைக்குப் பூரா மூஞ்சியும் கட்டி தட்டியிருக்கும்.

ஆனா கண்ணு சொல்றது பாதிதானே. மீதிப் பாதிக்கு மூக்கு வேணும். அதுக்குத்தான் நான்.

அவரு அடுப்பு முன்னாடி முட்டி போட்டுக்கிட்டு தகட்டு மேல கையை வெச்சிருப்பாரு. நான் அந்த நடைக் கோடியில, அங்க, செருப்பு வெக்கற எடத்துல நிப்பேன். கண்ணை மூடிக்கன்னு சொல்வாரு. மூடிக்குவேன். வருதா? வருது. இப்ப? கொஞ்சமா. இப்ப? இல்ல. எழுதி வெச்சுக்குவாரு. ரெண்டு குளிர்காலம் இப்படித்தான் ஓடுச்சு. பொண்ணு போன் பண்ணி என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்னு கேப்பா, அடுப்புக்கு வைத்தியம் பாக்கறோம்னு சொல்வேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல அவரு என்னை எதுவும் கேட்டுச் செஞ்சதில்லைண்ணே. இதுல கேட்டாரு. நான் வருதுன்னா வருது, இல்லைன்னா இல்ல. மறுபேச்சு கெடையாது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

புகை அலாரமா? இருந்துச்சே. நீங்களும்தான் அன்னைக்குக் கேட்டீங்க, புதுசு வாங்கி மாட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. அது அடுப்பங்கரையில எண்ணெய் காஞ்சாக்கூடக் கத்தும். ஒருநாள் பேட்டரியை உருவி ரேடியோவுல போட்டுக்கிட்டாரு. அதான் நீ இருக்கியே, இது எதுக்குன்னாரு.

நீங்க அன்னைக்கு வந்தப்பவே கவனிச்சிருப்பீங்க, நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னு. கவனிச்சீங்கதானே. அம்மாகிட்ட வெளக்கமாறு இருக்கான்னு கேளுங்கன்னு அவரு உங்ககிட்ட சொல்றாரு, அவரு கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுங்கன்னு நான் உங்ககிட்ட சொல்றேன். நடுவுல நீங்க பாவம், டென்னிஸ் பாக்கற மாதிரி கழுத்தைத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்குப் பத்தாவது நாள்.

என்ன சண்டைன்னா, சண்டையே இல்லண்ணே. சண்டை போட்டிருந்தா மறுநாளே சரியாப் போயிருக்கும். பேக்கரியில கூட இருந்த மாவு மாஸ்டர் ஒரு ஞாயித்துக்கிழமை பாக்க வந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு வந்த ஆளு. பழைய கதையெல்லாம் பேசறாங்க, மூக்கு மாஸ்டர் அப்படி, மூக்கு மாஸ்டர் இப்படின்னு. இவரு மூஞ்சியில ஒரு களை. நான் சாப்பாடு வெச்சேன். ஒரு வாய் வெச்சுட்டு, என்ன இது, மண்ணு மாதிரி இருக்குன்னாரு. மூணு வருஷமா தெனம் கேக்கற பேச்சுதான். வாடை தெரியாத நாக்குக்கு எல்லாம் மண்ணுதான், அது எனக்குத் தெரியாமலா. ஆனா வந்தவர் முன்னாடி சொன்னாரு பாருங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். இவரு பேச்சையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க, இவரு வேட்டி பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூட அடுத்த வீட்டுக்காரன் வந்து சொன்னாத்தான் இவருக்குத் தெரியும்னு.

அந்த மாவு மாஸ்டர் சிரிச்சுட்டாரு. வாயில இருந்த சோறு தெறிக்கச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இவரு சிரிக்கல. தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் கையைக் கழுவினாரு. அவ்வளவுதான். அன்னையிலருந்து பேச்சு இல்ல.

மொதல்ல ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன். அப்புறம் எனக்கும் ஏறிக்கிச்சு. மண்ணுன்னு சொன்னது அவரு, நான் ஏன் மொதல்ல பேசணும். சாப்பாட்டை மேஜையில வெச்சுட்டுக் கிண்ணத்தை டங்குன்னு தட்டுவேன், வந்து சாப்பிடுவாரு. அவருக்கு ஏதாவது வேணும்னா சுவத்தைப் பாத்துச் சொல்வாரு, சோப்பு தீர்ந்துபோச்சு போலிருக்கேன்னு. நான் ஜன்னலைப் பாத்து, ரெண்டாவது தட்டுல இருக்குன்னு சொல்வேன். பொண்ணு போன் பண்ணினா ஆளுக்கொரு தடவ பேசுவோம். அவளுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அடுப்பு அப்பதான் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. புது மூட்டை, குச்சி வேற மாதிரி, நெருப்பு நெலையா நிக்கல. முன்னாடியா இருந்தா நாங்களே பாத்துக்குவோம். இப்ப நடைக் கோடியில நிக்க ஆள் இல்லையே. அதனாலதான் அவரு உங்களைக் கூப்பிட்டாரு. நீங்க வந்து குழாயெல்லாம் கழட்டித் தட்டி, கரியைச் சொரண்டி எடுத்து, கிண்ணத்தோட ஓட்டையெல்லாம் குத்தி விட்டீங்க. தகட்டைப் பாதி தொறந்து வெச்சதும் பளிச்சுன்னு எரிஞ்சுது. கண்ணாடி சுத்தமா இருந்துச்சு. இதைத் தொடாதீங்க, ஒரு வாரம் இப்படியே ஓடட்டும்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் அடுப்பங்கரையிலருந்து கேட்டேன். அதையும் ஒரு காயிதத்துல எழுதி வெச்சிருக்கேன்.

மறுநாள் காலையில அவரு அது முன்னாடி உக்காந்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவருக்கு உங்க நெருப்பு புடிக்கலண்ணே. ரொம்ப வேகமா எரியுதாம். சுவத்தைப் பாத்துச் சொன்னாரு, ரொட்டின்னா இந்தத் தீயில வெளிய கருகி உள்ள மாவா நிக்கும்னு. முப்பது வருஷம் தணலுக்குப் பழகின கை. இது ரொட்டி அடுப்பு இல்ல, புகையெல்லாம் எரிஞ்சு தீரணும்னா காத்து வேணும்னு அவருக்குத் தெரியாம இல்ல. ஆனா மனசு கேக்கல. தகட்டை உள்ள தள்ளினாரு. தள்ளிட்டு, பழக்கதோஷம், தலையைத் தூக்கி நடைப் பக்கம் பாத்தாரு. நான் அங்க இல்ல. இந்த மிஷின்ல உக்காந்து தெச்சுக்கிட்டு இருந்தேன். என்னைப் பாத்தாரு, நான் ஊசியைப் பாத்தேன். அவரு திரும்பிக்கிட்டாரு.

ஒம்பது நாள் அப்படியே ஓடுச்சு. நெருப்பு தூங்குமூஞ்சியாத்தான் இருந்துச்சு. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக் கருத்துச்சு. முன்னெல்லாம் காலையில நான்தான் ஈரத்துணியில சாம்பலைத் தொட்டுத் தொடைப்பேன். இப்ப தொடைக்கல. அவரு செய்யட்டும்னு நான் விட்டேன், நான் செய்யட்டும்னு அவரு விட்டாரு. குழாய்க்குள்ள கரி சேந்துக்கிட்டே வந்திருக்கு. சாம்பல் தட்டும் சரியா உக்காரலையாம், அந்தச் சந்து வழியாத்தான் புகை ரூமுக்குள்ள வந்திருக்குன்னு உங்க கம்பெனிக்காரங்க எழுதிக்கிட்டாங்க. புகை போற வழியில போக முடியலைன்னா வந்த வழியிலதானே வரும்.

இந்தாங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன். நீங்க எப்படி வெச்சீங்க, என்ன சொல்லிட்டுப் போனீங்க, மறுநாள் அவரு எப்படித் தள்ளினாரு, அலாரத்துல பேட்டரி ஏன் இல்ல, எல்லாம் இருக்கு. கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். மாடி வீட்டம்மாவும் சாட்சிக்குப் போட்டிருக்காங்க. பத்தலைன்னா சொல்லுங்க, உங்க ஆபீசுக்கு நானே நேர்ல வந்து சொல்றேன். ஐயோ, கையெடுத்தெல்லாம் கும்பிடாதீங்க. நியாயமா இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

அவரு போன அன்னைக்கா? அன்னைக்கு மத்தியானம் மூணு மணி இருக்கும். ரெண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மாவுக்கு ரெண்டு கோட்டு சரி பண்ணியிருந்தேன், குடுக்கப் போனேன். போட்டுப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் புடிங்கன்னாங்க. அங்கேயே உக்காந்து புடிச்சுக் குடுத்தேன். ஒண்ணரை மணி நேரம் ஆயிருச்சு. திரும்பி வந்து கதவைத் தொறந்தா கண்ணு எரிஞ்சுது. கண்ணாடி பூரா கருப்பு, உள்ள நெருப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. அவரு இந்த மாதிரி, நாற்காலியில சாஞ்சு, கையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தாரு. மூஞ்சி செவப்பா இருந்துச்சு. நல்லாத் தூங்கறாருன்னுதான் நெனச்சேன். ஜன்னலைத் தொறந்தேன், வெளிய இழுத்தேன், ஆள் ஓடி வந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க.

என்ன சொன்னீங்க? நான் மட்டும் வீட்ல இருந்திருந்தா வாடையை வெச்சே கண்டுபிடிச்சிருப்பேனா?

எல்லாரும் அதைத்தான் சொல்றாங்கண்ணே. துக்கம் கேக்க வந்தவங்க அத்தனை பேரும் சொல்லிட்டாங்க. பொண்ணு தெனம் போன் பண்ணிச் சொல்றா, உன் தப்பு இல்லம்மா, நீ வெளிய போயிட்ட, நீ இருந்திருந்தா அப்பாவைக் காப்பாத்தியிருப்பன்னு. நான் ம்னு சொல்லிட்டு வெச்சுர்றேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சு உங்களை நான் கூப்பிடல. அந்தக் காயிதத்துலயும் இது இல்ல. உங்க வேலைக்கு இது தேவையும் இல்ல. ஆனா எங்க வீட்ல நாங்க பேசாம இருந்தது உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும். வேற யாருகிட்ட சொன்னாலும் மொதல்லருந்து சொல்லணும்.

நான் கெளம்பும்போதே வாடை இருந்துச்சு. அந்தச் செருப்பு வெக்கற எடத்துல நின்னு, கோட்டைக் கையில மடிச்சுப் போட்டுக்கிட்டு, ஷூ மாட்டறேன். ஈரக்கட்டை புகையற மாதிரி, தொண்டையில ஒரு புளிப்பு. லேசா இல்ல. நல்லாவே இருந்துச்சு. அவரு நாற்காலியில அரைத்தூக்கத்துல இருக்காரு. நான் கதவுப் புடியில கையை வெச்சேன்.

அப்ப கேட்டாரு. சுவத்தைப் பாத்து இல்லண்ணே. திரும்பி, என் மூஞ்சியைப் பாத்து, என்னை ‘நீ’ன்னு சொல்லிக் கேட்டாரு. நீ போறதுக்குள்ள சொல்லு, ஏதாச்சும் வாடை வருதான்னு. பத்தொம்பது நாள் கழிச்சு எனக்குன்னு ஒரு வார்த்தை. அதுவும் அடுப்புக்காகத்தானா, என் மூக்குக்காகத்தானான்னு எனக்குள்ள என்னவோ ஒண்ணு முறுக்கிக்கிச்சு. நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் இருமிக்கிட்டுக் கெடக்கட்டும்னு நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நெனச்சேன்.

இல்லைன்னு சொன்னேன்.

சரின்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு.